சுங்கம் கட்டிய நிழல்

நானூறு வருடம் மூன்று கடலுக்கும் நடுவே ஒரே சொல்லில் ஆண்ட பேரரசு விழுந்துபோன சேதி, வெற்றிலைக் கட்டு ஏற்றிவந்த ஒரு வண்டிக்காரன் வாய்வழியாக நெடும்பொட்டலுக்கு வந்து சேர்ந்தது. மறுநாள் காலை, வெயில் ஒரு பனை உயரம் ஏறியிருந்தபோது, செத்துப்போன சக்கரவர்த்தியின் வெண்கொற்றக்குடை எங்கோ தலைநகரத்துச் சாம்பலில் கிடக்க, அதன் நிழல் மட்டும் தனியாகப் பெருவழியில் நடந்து வந்தது.

முதலில் பார்த்தவன் சேந்தன். அந்த ஊர்ச் சுங்கச்சாவடியின் காவலன் அவன். இருபத்திரண்டு வருடமாகப் பெருவழியின் குறுக்கே மூங்கில் கம்பு ஒன்றை இறக்குவதும் ஏற்றுவதுமாகவே அவன் காலம் போயிருந்தது. உப்பு வண்டி வந்தால் ஒரு கை உப்பு, வெற்றிலை வண்டி வந்தால் ஒரு கவுளி வெற்றிலை, எள்ளு வந்தால் எள்ளு, எல்லாவற்றையும் அரச முத்திரை போட்ட மரக்காலால் அளந்து சக்கரவர்த்தியின் பேரைச் சொல்லி எடுத்துவைப்பான். அரசு இல்லை என்று தெரிந்த மறுநாள் காலையிலும் அவன் எழுந்து, முகம் கழுவி, கம்புக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான், வேறு எங்கே போய் நிற்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

கிழக்கே போகும் சாலையில் ஒரு களத்துமேடு அளவுக்கு வட்டமான நிழல் வந்துகொண்டிருந்தது. மேலே மேகம் இல்லை, பறவை இல்லை. நிழலின் ஓரத்தில் முத்துக்குஞ்சங்களின் நிழல் வரிசையாகத் தொங்கி, காற்றில்லாத காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. இளவயதில் ஒரே ஒரு முறை, சக்கரவர்த்தி துறைமுகத்துக்குப் போனபோது, சேந்தன் அந்தக் குடையைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறான். அதனால் அவனுக்கு அடையாளம் தெரிந்தது. தெரிந்தும் கை பழக்கத்தை விடவில்லை. கம்பைத் தடாலென்று இறக்கினான்.

“நில்லு! எங்கேருந்து வர்றே? என்ன சரக்கு?”

நிழல் நின்றது.

கம்புக்கு ஒரு முழம் முன்னால், வண்டிமாடு நிற்பதுபோலப் பொறுமையாக நின்றது. சேந்தன் பதிலுக்குக் காத்திருந்தான். பதில் வரவில்லை. பசித்தபோது கம்பை இறக்கியபடியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போனான். சாப்பிட்டுவிட்டு வந்தபோதும் நிழல் அங்கேயே நின்றது; அதற்குப் பின்னால் வந்த உப்பு வண்டிகளும் நின்றன.

ஏழு நாள் யாரும் அதற்குள் கால் வைக்கவில்லை. சக்கரவர்த்தியின் நிழலை மிதித்தவன் காலை வாங்கிவிடுவார்கள் என்று கேட்டு வளர்ந்த ஊர் அது. ஊர்ச்சபைத் தலைவர் விடங்கர், பெரிய நிலக்காரர், எப்போதும் ஆள் வைத்துப் பலகை சுமக்கச்செய்து அதிலேயே உட்காருபவர், தள்ளி நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். நெசவுக்காரத் தெருவிலிருந்து வந்தார்கள், அவர்கள் ஒரு கும்பிடு. உழவுத் தெருவிலிருந்து வந்து இன்னும் கொஞ்சம் தள்ளி நின்று அவர்கள் ஒரு கும்பிடு. எட்டாம் நாள் விடங்கரின் வெள்ளாடுகள் இரண்டு நேரே உள்ளே போய்ப் படுத்து அசைபோட்டன. ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. ஆடுகளின் கால் அதனதன் இடத்திலேயே இருந்தது.

அன்று மத்தியானம் வண்ணாத்தி கொற்றி ஏரிக்கரையிலிருந்து தலையில் துணிமூட்டையும் வயிற்றில் நிறைமாதமுமாக வந்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. அவள் யாரையும் பார்க்காமல் நிழலுக்குள் நடந்து, மூட்டையை இறக்கி, காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள்.

“ஏ கொற்றி! எந்திரி! காலை வெட்டிப்புடுவாங்க!” என்று கத்தினார் விடங்கர்.

“வெட்டட்டும் சாமி. இந்த வீங்கிப்போன காலை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப்போறேன்?”

யாரும் வெட்டவில்லை. வெட்டுகிறவர்கள் எல்லாம் போன பௌர்ணமிக்கு முன்பே பொட்டியைக் கட்டிக்கொண்டு ஊரை விட்டுப் போயிருந்தார்கள். கொற்றிக்கு அங்கேயே வலி எடுத்தது. பெண்கள் ஓடிவந்து சேலைகளால் மறைப்புக் கட்டினார்கள். சாயங்காலத்துக்குள் ஒரு பெண்குழந்தை பிறந்து, சக்கரவர்த்தியின் குடைநிழலில் வாயைத் திறந்து அழுதது. இவள் ராணியாக வேண்டுமா என்று சில பேர் கவலைப்பட்டார்கள். “முதல்ல பால் குடிக்கட்டும்,” என்றாள் கொற்றி. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அதற்குப் பிறகு ஊரே நிழலில்தான் இருந்தது. பெருவழியில் ஓர் அம்பு பாயும் தூரத்துக்கு மரமே கிடையாது. கள்ளச்சரக்கு கடத்துகிறவன் ஒளிந்துகொள்ளக் கூடாது என்று அரசாணை போட்டு எப்போதோ வெட்டியிருந்தார்கள். ஆகவே ஒரு களத்துமேடு நிழல் என்பது அந்த ஊருக்குச் சின்ன விஷயமில்லை. நெல் புடைத்தார்கள், பாவு ஓட்டினார்கள், கல்யாணம் பேசினார்கள், பேசிய கல்யாணத்தை முறித்துக்கொண்டு மறுபடி பேசினார்கள். சூரியன் எந்தப் பக்கம் போனாலும் நிழல் நகரவில்லை. ஒருநாள் நல்ல மழை பெய்தபோது எல்லோரும் குடைதானே என்று உள்ளே ஓடி, தொப்பலாக நனைந்து, ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

உட்காருவதில்தான் சிக்கல் வந்தது. சதுரமான இடமென்றால் தலைமாடு, கால்மாடு, வாசல், கொல்லை என்று ஒவ்வொருவருக்கும் அவரவர் இடம் தெரியும். இது வட்டம். விடங்கர் யோசித்து, நட்டநடுவில், குடைக்காம்பின் நிழல் புள்ளியாக விழுந்த இடத்தில் பலகையைப் போடச்சொல்லி உட்கார்ந்தார். இரண்டு நாள் உட்கார்ந்தார். குளிர்ச்சி எல்லா இடத்திலும் ஒன்றுதான், ஆனால் காற்று ஓரத்தில்தான் வந்தது. ஓரத்தில் உழவுத் தெருக்காரர்கள் காலை நீட்டிக் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் அவர் தனியாக வியர்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் பலகையைத் தானே தூக்கிக்கொண்டு ஓரத்துக்கு வந்து, கொஞ்சம் நகர்ந்துக்கப்பா என்றார். நகர்ந்துகொண்டார்கள்.

நிழல் துணியில் ஊறும் என்பதைக் கண்டுபிடித்தவளும் கொற்றிதான். நிழலில் காயப்போட்ட பழந்துணி ஒன்றை எடுத்துப்போய்த் தொட்டிலில் விரித்தபோது, தொட்டிலைச் சுற்றி ஒரு முறம் அளவுக்கு நிழல் குளுகுளுவென்று படிந்திருந்தது. அன்றைக்கு முழுக்கப் பிள்ளை சிணுங்கவில்லை. ஆனால் பொழுது சாயும்போது அந்தத் துண்டு நிழல் துணியை விட்டு இறங்கி, கோழிக்குஞ்சு தாயைத் தேடுகிற மாதிரி தெருவோரமாகவே ஊர்ந்து, பெருவழிக்குப் போய்ப் பெரிய நிழலோடு ஒட்டிக்கொண்டது. எடுத்துக்கொண்டு போகலாம், வைத்துக்கொள்ள முடியாது என்று ஊருக்குத் தெரிந்துபோயிற்று.

சேந்தனுக்கு அந்த இரண்டு மாதம் வாழ்க்கையில் காணாத மாதமாக இருந்தது. இருபத்திரண்டு வருடம் ஒரு கல்யாணத்துக்கு அவனுக்குப் பாக்கு வைத்ததில்லை. அவன் வருகிறான் என்றால் வண்டிக்காரன் எச்சிலைத் துப்பிவிட்டுத்தான் மாட்டை நிறுத்துவான். இப்போது நிழலுக்குப் பக்கத்திலேயே நிற்பவன் என்பதால் முதலில் ஒரு மரியாதைக்காக, பிறகு பழக்கத்தால், அவனை அண்ணே என்று கூப்பிட்டார்கள். முதல்முறை கொற்றியின் புருஷன், “அண்ணே, கொஞ்சம் சுண்ணாம்பு இருக்கா?” என்று கேட்டபோது, வேறு யாரையோ கூப்பிடுகிறான் என்று நினைத்துச் சேந்தன் திரும்பிப் பார்த்தான்.

அந்தச் சமயத்தில்தான் பேரேரி விவகாரம் வந்தது. நெடும்பொட்டலையும் சேர்த்துப் பதினெட்டு ஊருக்கும் பொதுவான பேரேரியின் மதகைத் தலைநகரத்திலிருந்து முத்திரை ஓலை வந்தால்தான் திறப்பார்கள். தலைநகரமே இல்லாதபோது ஓலை எங்கிருந்து வரும்? ஏரி ததும்பிக்கொண்டிருந்தது, கீழே பயிர் காய்ந்துகொண்டிருந்தது, நடுவில் ஒரு மரக்கதவு, அதைத் தொட எவனுக்கும் துணிச்சல் இல்லை. பதினெட்டு ஊர்க்காரர்களும் நிழலில் கூடினார்கள். மூன்று நாள் பேசினார்கள். யார் உத்தரவு கொடுப்பது என்பதே பேச்சு. பிள்ளையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த கொற்றி, மூன்றாம் நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டாள்:

“அந்தக் கதவு என்ன கனம் இருக்கும்?”

“நாலு ஆள் வேணும்,” என்றார்கள்.

“இங்க நானூறு பேர் இருக்கீங்களே.”

போய்த் திறந்தார்கள். எந்த ஊருக்கு முதலில், எந்த ஊருக்குப் பிறகு என்று வழிநெடுகச் சண்டை போட்டுக்கொண்டே போய், சண்டை போட்டுக்கொண்டே திறந்தார்கள். தண்ணீர் உத்தரவு கேட்காமல் வாய்க்காலில் இறங்கி ஓடியது. சில கிழவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்; அங்கே ஒன்றும் நடக்கவில்லை.

மதகு திறந்த சேதி கோட்டைமேட்டுக்குப் போனது. அங்கே பேரரசின் பழைய படைத்தலைவன் மழவரையன், நாற்பது வீரர்களோடும் ஒரு கிழட்டு யானையோடும், இடிந்த கோட்டையில் தங்கியிருந்தான். உத்தரவில்லாமல் மதகு திறக்காது, ராஜா இல்லாமல் உத்தரவு பிறக்காது, ஆகவே நெடும்பொட்டலில் ஒரு ராஜா முளைத்திருக்கிறான் என்று கணக்குப் போட்டு அவன் குதிரை ஏறினான். வந்து பார்த்தால் ராஜா இல்லை, நிழல் இருந்தது.

ஐம்பது வயதுக்காரன், முகத்தில் பெரிய தழும்பு. குதிரையிலிருந்து இறங்கியவன் நிழலின் ஓரத்துக் குஞ்சங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், நடுவில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டான். வெகுநேரம் கழித்து எழுந்தபோது அவன் தாடி ஈரமாக இருந்தது.

“இதுக்குப் பக்கத்துல நின்னு மூணு போர் பண்ணியிருக்கேன்,” என்றான் யாரிடமும் இல்லாமல். பிறகு குரலை உயர்த்தி, “கிளம்பு! கோட்டைக்குப் போகலாம்!” என்று நிழலுக்குக் கட்டளையிட்டான்.

நிழல் அசையவில்லை. அவன் சுற்றிலும் பார்த்தான், குறுக்கே கிடந்த கம்பைப் பார்த்தான், கம்பைப் பிடித்துக்கொண்டு நின்ற சேந்தனைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துபோயிற்று.

“நீதான் நிறுத்தினியா?”

“ஆமாங்கய்யா.”

“கம்பைத் தூக்கு.”

சேந்தன் கம்பை விடவில்லை. மழவரையன் அவனைத் தனியாகச் சாவடிக்குப் பின்னால் கூட்டிப்போனான். கோபப்படாமல்தான் பேசினான்.

“இன்னிக்கு இல்லை. மூணாம் நாள் யானை, மேளம் எல்லாத்தோடயும் வர்றேன். பதினெட்டு ஊரும் கூடி நிக்கும்போது நீ கம்பைத் தூக்கி நிழலை என்கூட அனுப்பணும். இங்கேருந்து கடல் வரைக்கும் இருக்கிற அத்தனை சாவடிக்கும் நீதான் தலைவன். மோதிரம் உண்டு, பட்டம் உண்டு.” கொஞ்சம் நிறுத்தினான். “நல்லபடியா கொடுத்தா நான் ராஜா. கொடுக்காட்டி நான் கொள்ளைக்காரன். எனக்கு ரெண்டு வேலையும் தெரியும். எதுன்னு நீதான் சொல்லணும்.”

சேந்தன் வீட்டுக்குப் போனான். அவன் மனைவி பூதி உரலில் தினை குத்திக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள், உலக்கையை நிறுத்தவில்லை.

“மோதிரமா?” என்றாள்.

“மோதிரம். பட்டம். அத்தனை சாவடிக்கும் தலைவன்.”

“அப்ப அத்தனை ஊரும் காறித் துப்பும்.”

சேந்தன் உரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். பட்டத்தை நினைத்தபோது நெஞ்சு நிமிரத்தான் செய்தது. அதை மறைக்க அவனால் முடியவில்லை. சாவடிக்கு அந்தப் பக்கம் காலை நீட்டிக்கொண்டு, அண்ணே, சுண்ணாம்பு, என்று கை நீட்டுகிற முகங்களை நினைத்தபோது நெஞ்சு வேறு மாதிரி ஆயிற்று. மறுத்தால் நாற்பது வேல். சாவடிக்கு அடுத்த வீடே கொற்றியின் ஓலை வீடு, ஒரு தீக்கொள்ளி போதும்.

“தராம இருக்க முடியாது பூதி. தந்தாலும் ஆகாது. என்ன பண்றது?”

பூதி உலக்கையைச் சுவரில் சாய்த்தாள். “யோவ், ஒண்ணு கேக்கறேன். எங்கப்பன் சீர்ப்பானையைக் கொண்டுவந்தப்போ, மாமனார்னும் பார்க்காம அதுக்குக்கூட ஒரு பானை எடுத்து வெச்ச ஆளு நீ. இந்த நிழல் வந்து ரெண்டு மாசம் நிக்குதே, அதுக்குச் சுங்கம் வாங்கினியா?”

சேந்தனுக்கு முகம் வெளுத்துவிட்டது. வாங்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக ஒரு சரக்கைச் சுங்கம் வாங்காமல் நிறுத்திவைத்திருக்கிறான். அவமானத்தில் இரண்டு நாள் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் விடிந்ததும் மரக்காலை எடுத்துச் சாம்பல் போட்டுத் தேய்த்து, முத்திரை பளபளக்கச் சாவடியில் கொண்டுபோய் வைத்தான்.

பதினெட்டு ஊரும் வந்து நின்றது. யானை வந்தது, மேளம் வந்தது, நாற்பது வீரர்களும் கேடயமும் வேலுமாக வந்தார்கள். மழவரையன் புதுத் தலைப்பாகை கட்டியிருந்தான். கூட்டத்தைப் பார்த்து, “பழைய முறை எதுவும் மாறாது! சக்கரவர்த்தி காலத்துல இருந்த சட்டம் அப்படியே இருக்கும்! அதைக் காக்கத்தான் நான் வந்திருக்கேன்!” என்று முழங்கினான். பிறகு சேந்தனைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

சேந்தன் மரக்காலைக் கையில் எடுத்தான்.

“தூக்கறேங்கய்யா. சுங்கம் மட்டும் பாக்கி இருக்கு.”

“என்ன சுங்கம்?”

“எந்தச் சரக்கும் சுங்கம் கட்டாம இந்தக் கம்பைத் தாண்டினதில்லைங்க. அதுதான் பழைய முறை. உப்புக்கு உப்பு, எள்ளுக்கு எள்ளு. நிழலுக்கு நிழல்.”

மழவரையன் புருவத்தைச் சுருக்கினான். எல்லோருக்கும் முன்னால் இப்போதுதான் சொல்லியிருக்கிறான், வாய்ச்சொல் ஈரம்கூடக் காயவில்லை.

“சரி. எவ்வளவு?”

“பேர் தெரியாத புதுச்சரக்கு வந்தா, வழிவிடற நாட்டுல எத்தனை தலை இருக்கோ, தலைக்கு ஒரு மரக்கால். சாவடிக் கல்லுல வெட்டியிருக்குங்க.”

விடங்கர் முன்னால் வந்தார். வந்த வேகத்தைப் பார்த்துத் தன்னைக் காட்டிக்கொடுக்கப்போகிறார் என்றுதான் சேந்தன் பயந்தான். அவர் கல்லருகே குனிந்து, கண்ணைச் சுருக்கி எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு நிமிர்ந்தார். “இருக்கு. எங்க பாட்டன் கையெழுத்தே இருக்கு,” என்றார்.

“சுங்கம் யாருக்கு? வாங்கறதுக்குத்தான் சக்கரவர்த்தியே இல்லையே?” என்றான் மழவரையன்.

“குடிகளைக் காக்கத்தான் சுங்கம்னு அதே கல்லுல இருக்குங்க. அவர் இல்லாட்டா குடிங்ககிட்டயே கொடுத்துட வேண்டியதுதான்.”

மழவரையன் நிழலைப் பார்த்தான். பெரிய களத்துமேடு, இதில் தலைக்கு ஒரு மரக்கால் போனால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தான். “அளந்து முடி,” என்றான்.

சேந்தன் உட்கார்ந்தான். மரக்காலை நிழலுக்குள் விட்டு மொண்டான், விளிம்பில் முழங்கையை ஓட்டித் தலைதட்டினான், முதலில் நின்ற கொற்றியின் பழந்துணியில் கவிழ்த்தான். குளுகுளுவென்று இறங்கியது. எல்லோரும் அந்தத் துண்டு நிழல் திரும்பி ஓடுமா என்று பார்த்தார்கள். ஓடவில்லை. சுங்கமாகப் போன சரக்கு திரும்பி வருவதில்லை என்பது நிழலுக்கும் தெரிந்திருந்தது. கொற்றி இன்னொரு துணியை நீட்டி, “இது இவளுக்கு,” என்று கைப்பிள்ளையைக் காட்டினாள். தலைக்கு ஒன்று. சேந்தன் அளந்தான்.

பிறகு வந்தார்கள், முறத்தோடு வந்தார்கள், பானையோடு வந்தார்கள், தொட்டில் சேலையோடும் மாட்டுத்தொட்டியோடும் வந்தார்கள், நெசவுத் தெரு வந்தது, உழவுத் தெரு வந்தது, குயவர்கள் சூளையிலிருந்து எடுத்த சூடான சட்டியோடு வந்தார்கள், விடங்கர் தன் பலகையைக் கவிழ்த்து ஏந்திக்கொண்டு உழவுத் தெருக்காரன் ஒருவனுக்குப் பின்னால் வரிசையில் நின்றார், மேலேரி ஊர்க்காரர்கள் வந்தார்கள், கீழேரி ஊர்க்காரர்கள் வந்தார்கள், நடக்க முடியாதவர்களை முதுகில் தூக்கி வந்தார்கள், ஒவ்வொருவருக்கும் சேந்தன் மொண்டு, தலைதட்டி, கவிழ்த்தான்; கூடவுமில்லை, குறையவுமில்லை; தலையை நிமிர்த்தி முகம் பார்க்கவுமில்லை. குஞ்சங்களின் நிழல் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தது.

மத்தியானம் தாண்டியபோது வீரர்களில் ஒருவன், காரி என்பவன், தலைவன் முன்னால் வந்து நின்றான்.

“தலைவரே, எனக்குக் கீழேரிதான் சொந்த ஊர். வெயில்ல விறகு சுமக்கிற அம்மா இருக்கு.”

மழவரையன் அவனை வெகுநேரம் பார்த்தான். “போ,” என்றான். காரி வேலைத் தரையில் வைத்துவிட்டு, கேடயத்தை மல்லாத்தி இரண்டு கையிலும் ஏந்தி வரிசைக்குப் போனான். அதைப் பார்த்து இன்னொருவன் போனான். அவனும் அந்த நாட்டுக்காரன்தான். யார்தான் இல்லை? சாயங்காலமாகும்போது நாற்பது பேரும் சிந்திவிடக்கூடாதே என்று மூச்சை அடக்கி, மல்லாந்த கேடயங்களில் நிழலை ஏந்தி நின்றுகொண்டிருந்தார்கள்.

தரையில் கடைசியாக ஒரு தட்டு அளவு நிழல் மிஞ்சியது. சேந்தன் மொண்டான். சரியாக ஒரு மரக்கால்.

“இது உங்களுக்குங்கய்யா,” என்றான்.

மழவரையனின் கை வாளுக்குப் போனது. திரும்பி வீரர்களைப் பார்த்தான். நாற்பது பேரும் அவனைப் பார்த்தார்கள், ஒருவனுக்கும் கை காலியாக இல்லை. யானைப்பாகன்கூட யானையின் காதுமடலில் தன் பங்கை வாங்கி வைத்திருந்தான். சேந்தன் மரக்காலை நீட்டியபடியே இருந்தான்.

மழவரையன் வாளை விட்டுவிட்டு, தலைப்பாகையை அவிழ்த்து விரித்தான். ஏந்த அவனிடம் வேறு ஒன்றும் இல்லை.

வாங்கிக்கொண்டவன் தரையில் விரித்துப் பார்த்தான். “இதுல ஒரு ஆள் உட்காரலாமா?” என்றான், குரல் உடைந்திருந்தது.

“உட்காரலாம் சாமி,” என்றாள் கொற்றி. “படுக்கத்தான் முடியாது.”

அவன் உட்கார்ந்தான். எங்கிருந்தோ ஆரம்பித்து வயிறு குலுங்கச் சிரித்தான். மேளக்காரர்கள் அதைத்தான் சைகை என்று நினைத்து அடிக்கத் தொடங்கினார்கள். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. சேந்தன் கம்பைத் தூக்கினான். இரண்டு மாதமாகக் காத்துக்கிடந்த உப்பு வண்டிகள் கடகடவென்று போயின.

எல்லாம் முடிந்த பிறகுதான் தனக்கென்று எடுத்துக்கொள்ளவில்லை என்பது சேந்தனுக்கு ஞாபகம் வந்தது. வெறுங்கையோடு வீட்டுக்குப் போனான். கூரைக்குக் கீழே கூழ்ப்பானையைச் சுற்றி நிழல் படிந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு முறத்தில் இன்னொரு துண்டு.

“ரெண்டு தடவை வரிசையில வந்தேன்,” என்றாள் பூதி. “ஒண்ணு எனக்கு, ஒண்ணு உனக்கு. யாருன்னு நிமிந்துகூடப் பாக்கலையே நீ.”

அந்த நாடு அதற்குப் பிறகு எப்படி இருந்தது என்றால், சண்டையும் சச்சரவுமாக நன்றாகவே இருந்தது. மதகு திறக்கிற ஒவ்வொரு தடவையும் பதினெட்டு ஊரும் கூடிக் கத்தியது. கத்தி முடிந்ததும், முகம் பார்க்காமல் அளக்கிறவன் என்பதற்காகத் தண்ணீர் முறையை அளந்துவிடச் சேந்தனைக் கூப்பிட்டது. நிழலை அவரவர் விருப்பம்போல் வைத்துக்கொண்டார்கள், தொட்டிலுக்கு மேலே, தறிக்கு மேலே, ஏர்மாட்டின் முதுகில். காரியின் அம்மா விறகுக்கட்டோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு நடந்தாள். மழவரையன் தன் பங்கைக் கோட்டைக் கிணற்றடியில் போட்டான். தண்ணீர் எடுக்க வருகிற பெண்கள் குடத்தை இறக்கி அதில் ஒரு நிமிஷம் நின்று போனார்கள், அவனிடம் ஊர்க்கதை பேசினார்கள், இரண்டாம் வருடம் அவர்களில் ஒரு கைம்பெண்ணை அவன் கட்டிக்கொண்டான்.

பன்னிரண்டு வருடம் கழித்து, வடக்கே புதிதாக எழும்பிய ஒரு பேரரசின் தூதன் பல்லக்கில் வந்தான். பழைய சக்கரவர்த்தியின் குடைநிழல் எவனிடம் இருக்கிறதோ அவனுக்கு மூன்று முறை தரையில் விழுந்து வணங்கிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்க வேண்டும் என்று அவனுக்கு உத்தரவு. ஊர் எல்லையில் முதல் வீட்டில் விசாரித்தான்.

“என்கிட்டதான் இருக்கு,” என்றான் அந்த வீட்டுக் குயவன்.

தூதன் மூன்று முறை விழுந்து வணங்கினான். அடுத்த வீட்டில் கேட்டால், “என்கிட்டயும் இருக்கே,” என்றார்கள். அங்கேயும் விழுந்தான். உத்தரவு உத்தரவுதானே. குயவர் தெரு முடிந்து, நெசவுத் தெரு முடிந்து, வண்ணார் தெருவில் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி முன்னால் விழுந்து எழுந்தபோது இடுப்புப் பிடித்துக்கொண்டது. சேந்தன் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தபோது அவன் பட்டுத் துணியெல்லாம் புழுதி. ஒரு கையால் முதுகைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தூணைப் பிடித்தான்.

“இங்கே எத்தனை பேர்?” என்றான் மூச்சு வாங்க.

“ரெண்டு பேர்தாங்க,” என்று சேந்தன் பதறி எழுந்து அவனைத் தாங்கி, முறத்து நிழலை இழுத்து அவனுக்கு மேலாகப் போட்டு உட்காரவைத்தான். தூதன் கண்ணை மூடிக்கொண்டான். கொஞ்சநேரத்தில் முகம் தெளிந்தது.

“இன்னும் எத்தனை வீடு இருக்கிறது?”

பூதி உள்ளேயிருந்து ஒரு செம்போடு வந்தாள்.

“கிழக்குத் தெரு முழுக்க இருக்கு. அப்புறம் பதினேழு ஊரு இருக்கு. முதல்ல இந்த மோரைக் குடிங்க.”